ரிவால்வரைத் திறந்து காட்டும் டெல்மா

நியூ மெக்சிகோ பாலைவனப் படப்பிடிப்பில் துப்பாக்கிகளுக்கு டெல்மாதான் பொறுப்பு. பழங்கால ரிவால்வரை ஒவ்வொரு முறையும் திறந்து, குண்டில்லை என்று எதிரே நிற்பவருக்குக் காட்டிய பிறகே கதாநாயகன் ராயலிடம் கொடுப்பாள்.

"வெயில் மண்டையப் பொளக்குது. காலையிலேருந்து காட்டினதையே காட்டிக்கிட்டிருக்க," என்று ராயல் கடுகடுத்தான்.

"சுடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் சார்."

மத்தியானம், குதிரை மேலிருந்து வில்லன் குறிவைக்க, ராயல் கைதூக்கி நிற்கும் காட்சி. டைரக்டர் ஆரம்பிக்கச் சொன்னதும் ராயல் கையை இறக்கினான்.

"எனக்குக் காட்டலையே."

டெல்மா வில்லனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, குழலை மடக்கிக் காட்டினாள். வில்லன் குதிரையிலிருந்து விழ வேண்டியிருந்ததால் கொடுத்த ரப்பர்த் துப்பாக்கி அது.

எல்லோரும் சிரித்தார்கள். ராயல் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை மடக்கு," என்றான்.