முப்பது பேருக்கு ஒரே அட்டை

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா அத்தை—"

"வாய மூடு. நிச்சயமான பொண்ணுடி அவ—"

"உசிரு இருந்தாத்தானே கல்யாணம்?"

அவசரப் பிரிவின் வாசலில் மாமியாரும் மருமகளும் குரலைத் தாழ்த்தித்தான் சண்டை போட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தாள் வீட்டின் கடைக்குட்டி. தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள், வயது பத்தொன்பது. காய்ச்சல் நூற்று நான்கு. வாந்தி நிற்கவில்லை. நாளெல்லாம் வெயிலில் கிடந்தவள் போல உடம்பெல்லாம் சிவந்திருந்தது. வெயிலையே பார்க்காத பிழைப்பு அவளுடையது.

ஆலையில் முப்பது பேருக்கு ஒரே அட்டை. அதைக் கழுத்தில் மாட்டியவள்தான் கழிப்பறைக்குப் போகலாம். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அடிக்கடி கை நீட்டினால் மேற்பார்வையாளர், "மகாராணி வீட்லயே இருந்திருக்கலாமே" என்பார். போன மாதம் இவள் உடுப்பில் கறை பட்டு, வரிசையே பார்க்க எழுந்து நின்றாள். அதற்குப் பிறகுதான் பக்கத்து மெஷின்காரி டாம்பன் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். உள்ளே வைக்கிற பஞ்சு, நாளெல்லாம் தாங்கும் என்றாள்.

தாங்கத்தான் செய்தது. முந்தாநாள் காலை வைத்தது. இரட்டை ஷிப்டு முடிந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து படுத்தவளுக்கு அதை எடுக்க வேண்டும் என்ற நினைவே இல்லை.

மறுநாள் மகளின் பையில் பொட்டலத்தை அம்மா பார்த்தாள். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவள்தான். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிஷம் அவள் கண்முன் வந்து நின்றது சம்பந்தியின் முகம். கல்யாணமாகாத பெண் உள்ளே ஒன்றை வைத்தாள் என்றால் என்னென்ன பேசுவார்கள்? பொட்டலத்தைக் குப்பைக்கு அடியில் அமுக்கினாள். மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

இன்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள், தீட்டு எப்போது வந்தது, என்ன வைத்துக்கொண்டாள் என்று. பெண்ணுக்கு நாக்கு குழறியது. இரண்டு தடவையும் அம்மாவே பதில் சொன்னாள், போன வாரமே முடிந்துவிட்டது, எப்போதும் துணிதான் என்று.

பிரஷர் இறங்குகிறது என்று உள்ளே யாரோ சொன்னது கேட்டது. மருமகள் மாமியாரின் கையை உதறிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

பஞ்சை வெளியே எடுத்தார்கள். அதில் பெருகிய கிருமியின் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் ஆளுக்கு அவகாசம் தராது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதை இரண்டு நாள் ஏன் விட்டீர்கள் என்று அவர் கேட்டபோது, அம்மா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

நான்காம் நாள்தான் பெண் தெளிந்து பேசினாள். தலையணையைச் சரிசெய்த அம்மா, யார் கேட்டாலும் சாதாரணக் காய்ச்சல் என்றே சொல்லும்படி காதோரம் சொல்லிக்கொடுத்தாள். பெண் முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டாள்.

"நர்ஸ் கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சும்மா. நீ சொன்னதும் விழுந்துச்சு. வாயத் திறக்க முடியல, அவ்வளவுதான். அண்ணி மட்டும் அங்க இல்லன்னா, மூணாவது தடவையும் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"