என் பத்து வினாடி

மார்ச் 12. ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். வேன் ஓட்டும் என் அக்காவுக்கு விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து பேச்சு வரவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்டால் பத்து வினாடி பொறுக்கும்படி பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, பதிலையும் நானே சொல்லி, "பேசவில்லை" என்று மூன்று வாரமாக நோட்டில் எழுதினேன். பயிற்சி தொடருமா என்பதை நாளை அவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இன்று மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவியைக் காட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். என் பத்து வெறும் நான்கு வினாடி!

பையைக் கீழே போட்டுவிட்டுச் சாவியை மறுபடி காட்டினேன். "இது என்னக்கா?"

ஐந்து, ஆறு. அக்காவின் முகம் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். எட்டு.

"சா... சாவி!"

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "யாருடி பேசினது?"

அக்கா தன் நெஞ்சைத் தட்டினாள். பிறகு என்னைக் காட்டி, "இவ... விட்டாத்தானே!" என்றாள்.

மூவரும் கத்திச் சிரித்ததில் வகுப்பு போயே போய்விட்டது.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்குப் பயிற்சியாளரைப் பார்த்து, மூன்று வாரக் குறிப்பும் தப்பு என்று சொல்ல வேண்டும்.