ஆபீசுக்குள் ஒரு பக்கம், வெளியே ஒரு பக்கம்

நேற்று மாலைவரை ஓடிக்கொண்டிருந்த மண்டப புக்கிங் பக்கம் காலையில் செத்துக் கிடந்தது. எந்தத் தேதியைத் தட்டினாலும் சிவப்பில் ஒரே பதில்: ‘மண்டபம் காலி இல்லை.’

சௌம்யா நிமிர்ந்தாள். எதிர் மேசையில் கோகுல்நாத் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“சின்ன கரெக்‌ஷன் ஒண்ணு பண்ணேன். உன்னுது பூடுச்சா?”

“மறுபடியுமா கோகுல்?”

“நீ எழுதறது நிக்க மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?”

மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த வெப்சைட் கம்பெனி. கீழே இரும்பு அலறும், மேலே பி.எச்.பி. மொழியில் புரோகிராம் எழுதுவார்கள். சர்வரில் இருக்கும் கோப்பை இறக்கு, திருத்து, அப்படியே ஏற்று. பிரதி எடுத்து வைப்பதெல்லாம் கிடையாது. கடைசியாக ஏற்றியவன்தான் ராஜா; அவன் கோப்புதான் நிற்கும். கோகுல்நாத் தன்னிடமிருக்கும் பழைய கோப்பில் ஒரு கமாவைத் தொட்டு ஏற்றினால் போதும், சௌம்யா எழுதியது மொத்தமும் காலி. கைதவறிச் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவளுடைய நாற்காலியைத் தன் மச்சினனுக்குப் பேசி வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் நினைப்பை மாற்றிக்கொண்டாள்.

முதலாளி ஸ்ரீகாந்த் நேரடியாகவே சொல்லியிருந்தார். நாகம்மாவின் கல்யாண மண்டபத்துக்கு அவள் எழுதும் இந்தப் பக்கத்தின் டெமோ நன்றாகப் போனால் வேலை நிரந்தரம். சொதப்பினால் ஆவடிக்கு ரயிலேறி வீட்டோடு இருந்துவிடலாம்.

அன்று அவள் சண்டை போடவில்லை. தன் பக்கத்தை மறுபடி எழுதி, வேறு பெயரில் ஏற்றினாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வர் முதலில் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. கோகுல்நாத் அதைத் தொடுவதே இல்லை. அதில் ஒரு நிபந்தனை சேர்த்தாள். கேட்பது இந்த ஆபீஸ் இணைப்பு என்றால் அவனுடைய பாழ்பக்கத்தைக் கொடு. வெளி இணைப்பு என்றால் என்னுடையதைக் கொடு. பார்க்கிறவன் கண்ணுக்குச் சர்வர் கொடுக்கும் பக்கம்தான் தெரியும், நிபந்தனை தெரியாது. ஜெயித்துவிட்டோம் என்று அவன் குளிர்காயட்டும். டெமோ நடக்கப்போவது சென்னீர்குப்பத்தில், நாகம்மாவின் மண்டபத்தில். இந்த வைஃபை அங்கே எட்டாது.

மறுநாள் நாகம்மாவே படியேறி வந்துவிட்டாள்.

“இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டாண்ட மண்டபத்துக்கு சேர் பாக்க வந்தேன் நைனா. அப்டியே நம்ம வெப்சைட்டு இன்னா லட்சணத்துல கீதுன்னு பாத்துகினு பூடலாம்னு…”

இங்கே திறந்தால் பாழ்பக்கம்தான் வரும்; சௌம்யா அவசரமாகத் தன் லேப்டாப்பை இழுத்தாள். நிபந்தனையை எடுத்தாக வேண்டும். கீபோர்டுக்குக் கை போவதற்குள் ஸ்ரீகாந்த் கூப்பிட்டுவிட்டார். “உன் லேப்டாப்லாம் வேணாம், வா. என்னுதுலயே காட்டலாம்,” என்றான் கோகுல்நாத்.

சுவரில் இருந்த பெரிய திரையில் பக்கம் விரிந்தது. நாகம்மா ஒரு தேதி சொன்னாள். காலி இல்லை. இன்னொன்று. காலி இல்லை.

“ஏம்மா, ஆடி மாசத்துல எவன் கல்யாணம் பண்றான்? அதுக்கும் காலி இல்லன்றியே! என் மண்டபத்த நீயே பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கினியா?”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார், இவங்களுக்கு பேசிக்கே வராதுன்னு,” என்றான் கோகுல்நாத், மிகவும் வருத்தப்படுகிறவன் போல.

ஸ்ரீகாந்த் அவளைப் பார்த்த பார்வையில் ஆவடி ரயில் தெரிந்தது.

“அம்மா, உங்க போன்ல தொறந்து பாருங்க,” என்றாள் சௌம்யா. “உங்க நெட்லயே.”

நாகம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கித் தட்டினாள். ஆடி பச்சையாக விரிந்தது. தையைத் தட்டினாள். “அட! எங்க அக்கா பேத்தி கல்யாணத்த மட்டும் கரீட்டா செவப்புல போட்டுக்கீது பாரேன்!”

ஸ்ரீகாந்தின் தலை போனுக்கும் சுவருக்குமாக ஆடியது. “ஒரே அட்ரஸ். எப்படி ரெண்டு பக்கம்?”

கோகுல்நாத்தின் முகத்திலிருந்த பொய் வருத்தம் வடிந்தது. அவளுடைய தந்திரம் புரிந்துவிட்டது. “அக்கா, போனக் குடுங்க,” என்று வாங்கி ஆபீஸ் வைஃபையில் இணைத்தான். நாகம்மாவின் மண்டபம் அவன் கையில் ஆடி முதல் ஆனி வரை சிவந்தது.

“பாத்தீங்களா சார்! கஸ்டமர் சைட்லயே பொறி வெச்சிருக்கா!”

“ஆமா சார், நான்தான் வெச்சேன்.” சௌம்யாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “உள்ள இருந்து பாத்தா அவரு ஏத்தினது. வெளிய இருந்து பாத்தா நான் எழுதினது. ரெண்டு கோப்பையும் தொறங்க. எதை எப்போ யாரு ஏத்தினாங்கன்னு சர்வர்லயே இருக்கும்.”

ஸ்ரீகாந்த் பெரிய திரையோடு இணைந்திருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். அது நகரவில்லை. கோகுல்நாத்தின் உள்ளங்கை அதன் மூடிமேல் அழுந்தியிருந்தது.

“கைய எடு.”

அவன் எடுக்கவில்லை. போனைத் திரும்ப வாங்கிக்கொண்ட நாகம்மாவோ வைஃபையை அணைத்துப் பார்த்தாள், பச்சை. போட்டுப் பார்த்தாள்; சிவப்பு. மறுபடி அணைத்தாள். வாய் பிளந்தபடி, தன் மண்டபத்தை அவள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.