கிணற்றிலிருந்து ஏறி வந்த கோஷம்

பனமலைக்குப் பக்கத்தில் அரங்கநாதன் நிலத்துக் கிணறு சரிந்தது அறுபத்தொன்றாம் வருஷக் கோடையில். ஆழப்படுத்த இறங்கிய பச்சைமுத்துவும் அவன் தம்பி பூமாலையும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். செத்துவிடவில்லை. மண்ணுக்கடியில் ஏதோ ஒரு பொந்தில் ஒடுங்கிக்கொண்டு, “நாங்க இருக்கோம்! நாங்க இருக்கோம்!” என்று கத்தினார்கள்.

மேலே ஊரே கூடி நின்றது. வேடிக்கை பார்க்க நம் ஜனங்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. இறங்கினால் மறுபக்கமும் சரியும் என்றார் ஒருவர். டவுனிலிருந்து ஆள் வரட்டும் என்றார் இன்னொருவர். எல்லாரும் பிறந்தது முதல் மம்பட்டி பிடித்தவர்கள்தான். பச்சைமுத்துவின் பெண்டாட்டி சின்னபொண்ணு மட்டும் விளிம்பில் குப்புறப் படுத்து, “இருங்க மாமா, ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும்போது கீழே சத்தம் நின்றுவிட்டது. ஆட்கள் வரவேயில்லை.

அரங்கநாதன் கிணற்றை மூடிவிட்டார். “அதுவே அவுங்களுக்கு சமாதிம்மா, சாமி குடுத்த எடம்” என்றார். செலவு வைக்காத சாமி. சின்னபொண்ணு கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு உடம்பையும் மேலே எடுத்து, முறையாக அடக்கம் பண்ண வேண்டும்.

அப்போதுதான் திண்டிவனத்தில் அச்சகமும் வாரப் பத்திரிகையும் நடத்திய தட்சிணாமூர்த்தி வந்து சேர்ந்தார். கிணற்றடியில் என்ன சத்தம் கேட்டது என்று விசாரித்தார். “நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்னு ஒரே சத்தம் சார்” என்றான் ஒருவன். கூட்டம்தான் அப்படி ஆறுதல் சொன்னது என்று எடுத்துக்கொண்ட அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்த வாரம் தலைப்பு: ‘நாங்கள் இருக்கிறோம்!’ ‘இருக்கோம்’ கொச்சை என்று திருத்தியவர், சொன்னது யார் என்பதை மட்டும் திருத்தவில்லை. ஊர்க்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. பத்திரிகையில் வந்த நல்ல பேரை யார் வேண்டாம் என்பார்கள்?

பிறகு பற்றிக்கொண்டது பாருங்கள்! விழுப்புரத்துச் சோடாக்கடைச் சுவரில் எழுதினார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்தவர்கள் அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி நோட்டீசில் போட்டார். வேட்டி கிழிந்தால் அவர் இருக்கிறார் போலும். தேர்தல் வந்ததும் எதிரெதிர் வேட்பாளர்கள் இரண்டு பேரும் அது தங்களுடையது என்று மல்லுக்கட்டினார்கள். பஸ்ஸின் முதுகில்கூட ஏறிவிட்டது.

திண்டிவனத்தில் ஒற்றுமை விழா வைத்தார்கள். “வந்து ஜனங்க கிட்டயே கேளும்மா” என்று தட்சிணாமூர்த்தி சொன்னதை நம்பிச் சின்னபொண்ணு போனாள். சால்வை போர்த்தினார்கள். கூட்டம் எழுந்து, “நாங்கள் இருக்கிறோம்!” என்று முழங்கியது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“அது எங்க ஊட்டுக்காரரு சொன்னதுங்க. உசுரோட இருக்கோம், வந்து தூக்குங்கன்னு சொன்னாரு. யாரும் வரல. இப்பவாச்சும் நாலு பேரு மம்பட்டி எடுத்துக்கினு வாங்க.”

 கைதட்டல் பந்தல் கூரையைப் பிய்த்தது. “என்னமா பேசுது பாருய்யா!” என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தட்சிணாமூர்த்தி நன்றியுரை சொன்னார். எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சின்னபொண்ணு தானே மம்பட்டியும் கூடையுமாகப் போனாள். ஒரு பொம்பளை எவ்வளவு தோண்டிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, அரங்கநாதன் தடுக்கவில்லை. இடுப்பளவு பள்ளம் விழுந்தபோது ரோட்டில் பஸ் வந்தது. அவளை அடையாளம் கண்டுகொண்ட பயணிகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி உற்சாகமாகக் கத்தினார்கள்.

“நாங்கள் இருக்கிறோம்!”

சின்னபொண்ணு நிமிரவில்லை. மண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

“இருங்க மாமா, நான் வந்துக்கினு இருக்கேன்.”