பதினான்காம் எண் கல்

நில அதிகாரி பேசினால் பொது நிலத்துக்கே புல்லரிக்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். "அரசு நிலத்துல ஒரு விரற்கடை போனாலும் என் சதையை அறுத்த மாதிரி" என்று கூட்டந்தோறும் முழங்குவார். முழங்கி முழங்கியும் சதை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

அந்த வாரம் அவர் கையில் சிக்கியவர் சைக்கிள் கடைக்காரர். தகரக் கூரை, இரண்டு பம்பு, தொங்கும் டயர்கள், அவ்வளவுதான் கடை. அதன் பின்னால் அரசுக்குச் சொந்தமான காலி மனை. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய பதினான்காம் எண் எல்லைக்கல்லைக் காணோம். துறையில் ஒரு வழக்கம் உண்டு: கல் காணாமல் போனால், பக்கத்தில் இருப்பவன்தான் பிடுங்கியவன். சந்தேகத்தின் பலன் அரசாங்கத்துக்கு. ஆகவே எல்லைக்கோடு சாலை ஓரம்வரை நகர்ந்தது. கடை அரசு நிலத்துக்குள் போனது. மறுநாள் காலை இடிப்பு.

கல் நின்ற குழியைக் கடைக்காரர் காட்டினார். யாரும் தடுக்கி விழக் கூடாதென்று இருபது வருடமாக அதில் ஒரு செங்கல்லைச் செருகி வைத்திருக்கிறாராம். குழியெல்லாம் ஆதாரம் ஆகாது, கல்தான் வேண்டும் என்றார் அதிகாரி.

"கல்லு ஜீப்புல போச்சுங்க சார்."

"யாரு ஜீப்புல?"

கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். "ரொம்ப நாளாச்சுங்க."

சுற்றி நின்ற சிப்பந்திகள் சிரித்தார்கள். கோப்பில் 'கல்லை அகற்றியவர்' என்ற கட்டத்தில் கடைக்காரர் பெயரை எழுதிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது, கொல்லைப்புறத்தில் மனைவி போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைகல்லைப் பார்த்ததும் பக்கத்தில் போய்க் குனிந்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"நல்லா கேட்டீங்க. குடித்தனம் வந்த புதுசுல நீங்கதானே ஆபீஸ் ஜீப்புல கொண்டுவந்து இறக்கினீங்க? இத்தனை வருஷத்துல நான் கேட்டு நீங்க உடனே செஞ்ச ஒரே காரியம் இதுதான்."

கடப்பாரை போட்டுப் புரட்டினார். அடியில் மண் அப்பிய சர்வே அம்புக்குறி. அதன் கீழே 14. அப்போது தெரியாமல் எடுத்துவிட்டோம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. அன்று இளநிலை நில அளவராக இருந்தவர்; எண் இருந்த பக்கத்தைக் கீழே வைத்ததே அவர்தான்.

விடிந்ததும் கல்லை ஜீப்பில் ஏற்றினார். கூடப் பிடித்த ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம்.

கடைக்காரர் ஜீப்பின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். போய்ச் செங்கல்லை எடுத்தார். மூவருமாக இறக்கியதும், பழகிய செருப்பில் கால் நுழைவதுபோல் கல் குழிக்குள் உட்கார்ந்தது.

"பாத்துங்க சார். அன்னைக்கும் உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

அதிகாரி நிமிர்ந்தார்.

"ஒரு பக்கம் நான்தானே பிடிச்சு ஏத்திவிட்டேன். புதுசா கல்யாணம் ஆனவரு கேக்குறாரேன்னு."

"அப்புறம் ஏன்யா நேத்து சொல்லல?"

"நாலு பேர் முன்னாடி எப்படிங்க சொல்றது?"

கடை பிழைத்தது. கோப்பில்தான் இன்னும் கடைக்காரர் திருடனாக இருந்தார். அதிகாரி அந்தப் பெயரை அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது. பதவி உயர்வு அடுத்த மாதம். கூட்டங்களில் அறுத்துக் கொடுத்த சதையெல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தது.

"தெரியலன்னு போட்டுக்குங்க சார்," என்றார் கடைக்காரர். "சாட்சிக்கு நான் கையெழுத்து போடறேன்."

'தெரியவில்லை' என்று எழுதினார் அதிகாரி. கோணலாகத்தான் வரும் என்று எதிர்பார்த்தார். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

கடைக்காரர் கிரீஸ் கையைப் பழந்துணியில் அழுந்தத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

அதிகாரி குனிந்தபடியே விரலால் இடத்தைக் காட்டினார்.