சூரியனில் காயும் வேட்டி

மொட்டை மாடியில் வத்தல் காயப்போட இடமில்லை என்று பூரணம் சூரியனுக்குப் போய்விட்டாள். சித்திரை மாதம். வேறு எங்கே போவாள்.

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே போகிற முதல் பஸ் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். சனங்கள் பெரும்பாலும் கழுகுமலையிலும் கோவில்பட்டியிலும் இறங்கிவிடுவார்கள். பூரணம் இறங்கவில்லை. ஒரு பானை அரிசிக்கூழ், பழைய வேட்டி ஒன்று, நாலு மூலைக்கும் வைக்க நாலு கல், ஒரு குடை. கூழுக்கு லக்கேஜ் போட்டே தீருவேன் என்று கண்டக்டர் நின்றாராம். போட்டுக்கொள் என்றாளாம்.

தப்பு அவள் புருஷன் ஆவுடையப்பன்மேல். அவரே இல்லையென்று சொல்லமாட்டார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த கையோடு ஒரு டெலஸ்கோப் வாங்கினார். நட்சத்திரம் பார்க்கிற ஆள் இல்லை. ராத்திரி என்பது தூங்குவதற்கு. இவர் சூரியனைப் படம் எடுப்பார். டெலஸ்கோப்பின் வாயில் வெள்ளித் தாள் போன்ற ஒரு பில்டரை மாட்டிவிட்டால், சூரியன் கண்ணைக் கூசாமல் தோசைக்கல் போல வந்து நிற்கும். அதன் முகத்தில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். கிழக்கு ஓரத்தில் தோன்றும், நாளுக்குக் கொஞ்சம் நகரும், இரண்டு வாரத்தில் மேற்கு ஓரத்தில் மறையும். சூரியனும் சுற்றுகிறது அல்லவா, அதனால்.

தொல்லை தரையிலிருந்து வந்தது. சிமெண்டுத் தரை வெயிலில் சுடும். தரை சுட்டால் மேலே காற்று அலையும். காற்று அலைந்தால் படம் கொதிக்கிற எண்ணெய்க்குள் அப்பளம் நெளிவது போல நெளியும். ஆகையால் ஆவுடையப்பன் விடிந்ததும் மாடி முழுக்கத் தண்ணீர் ஊற்றுவார். காயக் காய ஊற்றுவார். ஈரத்தரையில் வத்தல் காயாது.

"ஒரு மூலையாவது விடுங்க" என்றாள் பூரணம்.

"மூலையிலருந்துதான் சூடு கிளம்பும்" என்றார்.

மூன்று சித்திரை கேட்டாள். நாலாவது சித்திரையில் கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன மறுநாள் சூரியனின் கிழக்கு ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தது. ஆவுடையப்பன் பார்த்ததுமே கண்டுகொண்டார். படம் எடுத்து முடிப்பதற்குள் பாளையங்கோட்டையிலிருந்து ஜெபராஜ் போன் செய்துவிட்டார். அவருக்கும் இதே வேலைதான். அவர் வீட்டு மாடியிலும் ஒரு டெலஸ்கோப் நிற்கிறது.

"அண்ணாச்சி, கிழக்கு ஓரத்துல புதுசா ஒண்ணு வந்திருக்கு, பாத்தியளா?"

"பாத்தேன்."

"நல்ல பெருசு. இந்த வருசத்துல இப்படி ஒண்ணு வரல."

"அது புள்ளி இல்ல வே. எங்க வீட்டுக்காரி."

ஜெபராஜ் மவுஸை உருட்டுகிற சத்தம் கேட்டது. தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆமா, மயினிதான். நல்லா விழுந்திருக்காவ. பக்கத்துல சதுரமா என்னது?"

"வேட்டி. வத்தல் பிழிஞ்சு போட்டிருக்கா."

"அதான பாத்தேன்" என்று ஜெபராஜ் போனை வைத்தார்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் தினமும் எடுத்தார். முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றி எடுத்தார். இந்தப் படம் எடுக்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஒரே படமாக எடுப்பதில்லை. சிறிது நேரம் வீடியோவாக எடுப்பார். அதைப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் படங்கள். கம்ப்யூட்டர் அதில் தெளிவானதை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும். கலங்கினதைக் கழித்துவிடும். உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அப்படி வந்த படங்களில் பூரணம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. மறுநாளும் முதுகு. அதற்கு மறுநாளும் அதே முதுகு. அசையவில்லை.

கோபம் தீரவில்லை என்று ஆவுடையப்பன் நினைத்தார். தீர்ந்தால் திரும்புவாள் என்று காத்திருந்தார். காத்திருக்கவும் ஒரு கணக்கு உண்டு. அவள் ஒவ்வொரு நாளும் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தாள். மேற்கு ஓரத்தைத் தாண்டிப் பின்பக்கம் போகிற புள்ளி திரும்பி வருவது அபூர்வம். அங்கேயே கலைந்துவிடும். மேலத்தெரு மளிகைக்கடைக்காரரின் தம்பி இப்படித்தான் ஒரு கோடையில் போனான். அவன் ஓரத்துக்குப் போகிறவரைக்கும் கடைவாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் கடைக்கு வேறு ஆள் போட்டார்கள்.

ஆவுடையப்பன் ரசம் வைத்தார். ரசம் போல இல்லை. குடித்தார்.

பூரணம் நடுச்சூரியனைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, கடையநல்லூரிலிருந்து அவள் தங்கை கோமதி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க அக்கா எங்க அத்தான்?"

கம்ப்யூட்டரில் காட்டினார். கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாள் படமாகப் பார்த்தாள்.

"வந்ததுலருந்து இப்படியேதான் உக்காந்திருக்காளா?"

"ஆமா."

"அசையவே இல்லையா?"

"அசையல. கோவம்."

"யாரு, எங்க அக்காவா?" கோமதி அவர் பக்கம் திரும்பினாள். "அவ ஒரு எடத்துல ஒரு நிமிசம் உக்காந்து நீங்க பாத்திருக்கியளா? உங்க கல்யாண ஆல்பத்த எடுங்க. ஒரு போட்டோவுலயாவது அவ மூஞ்சி ஒழுங்கா விழுந்திருக்கா? தாலி கட்டுறப்பகூட பந்தியில சாம்பார் வந்துச்சான்னு திரும்பிப் பாத்தவ அவ. போட்டோக்காரன் தலையில அடிச்சிக்கிட்டான்."

உண்மைதான். வீட்டில் பூரணத்தின் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் புடவை கட்டிய ஒரு கலங்கல். சூரியனையே அசையாமல் பிடித்தவர், இதைப் பற்றி யோசித்ததில்லை.

"கலங்குன படமெல்லாம் எங்க?" என்றாள் கோமதி.

"அத அதுவே கழிச்சிரும்."

"கழிச்சத எடுங்க."

எடுத்தார். கழித்ததில்தான் பூரணம் இருந்தாள். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வேட்டியின் இந்த மூலைக்கு வந்தாள், அந்த மூலைக்குப் போனாள். எங்கே நின்றாலும் நெற்றியில் கையை வைத்துக் கீழே பார்த்தாள். காற்று நிற்கிற நொடியில் எல்லாமே நிற்கும், பூரணமும் உட்கார்ந்துவிடுவாள். காற்று அலைகிறபோதுதான் எழுந்து நடப்பாள். நடந்ததை எல்லாம் இவர் நாள் தவறாமல் கழித்திருந்தார்.

"என்ன பாக்கா?" என்று கேட்டார்.

"வீட்டத் தேடுதா."

"வீடு தெரியாமலா போச்சு?"

"எப்படித் தெரியும்? நீங்கதான் தண்ணிய ஊத்தி வச்சிருக்கியளே. அவ்வளவு ஒசரத்துலருந்து பாத்தா பளபளன்னு குளம் மாதிரில்லா இருக்கும். அவ விட்டுட்டுப் போனது வீட்ட. இங்க குளம் கெடந்தா எங்க வந்து இறங்குவா?"

ஆவுடையப்பன் மாடிக்குப் போனார். பூரணம் மேற்கு ஓரத்துக்கு மிக அருகில் வந்திருந்தாள். மிஞ்சிப்போனால் இரண்டு காலை.

அந்த நேரம் பார்த்து ஜெபராஜ் மறுபடி போன் செய்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலைல விட்ராதிய. மயினி ஓரத்துக்கு வந்திருவாவ. ஓரத்துல நின்னா பக்கவாட்டுல முழு உருவமும் விழும். மூக்கு, முழி, மூக்குத்திகூடத் தெரியும். காத்தும் நாளைக்கு நின்ன மாதிரிதான் இருக்கும்னு தோணுது. தண்ணிய மட்டும் நல்லா ஊத்துங்க."

"ம்" என்றார் ஆவுடையப்பன்.

விடிந்தது. குடங்களில் தண்ணீர் நிறைந்து இருந்தது. அவர் குடங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊற்றினால் அவள் முகம் கிடைக்கும். இத்தனை வருஷத்தில் முதல் முகம். சட்டம் போட்டு மாட்டலாம். ஊற்றாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அவள் வீட்டைப் பார்த்தாளா, பார்க்காமலே பின்பக்கம் போனாளா என்பதுகூடத் தெரியாது. தரை கொதிக்கும், டெலஸ்கோப்பில் வெறும் நெளிவுதான் தெரியும்.

சூரியன் பக்கத்து வீட்டுத் தண்ணித்தொட்டிக்கு மேலே வந்தது. அவர் ஒரு குடத்தைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியிறங்கிப்போய்க் கொல்லையில் முருங்கைக்கு ஊற்றினார். எல்லாக் குடத்தையும் அப்படியே ஊற்றினார். கோமதி அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வத்தலுக்குக் கூழ் கிண்டினாள்.

தரை சுட ஆரம்பித்ததும் தன் வேட்டியொன்றை விரித்தார். வத்தல் பிழிந்தார். அச்சை அழுத்துகிற பழக்கம் இல்லை. ஒன்று பெரிதாக விழுந்தது, ஒன்று வால் வைத்துக்கொண்டது. உள்ளங்கால் பொரிந்தது. பிழிந்து முடித்துவிட்டுத்தான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

சூரியன் கொதித்தது. ஓரம் எது, வானம் எது என்று தெரியவில்லை. கறுப்பாக ஏதோ அலைந்தது. அலைந்தது காற்றா அவளா என்று சொல்ல முடியாது. படம் எடுக்கவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது கோமதி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஜெபராஜ் மெல்லப் பேசினார். "அண்ணாச்சி, ஓரத்துல வேட்டி மட்டும்தான் கெடக்கு. மயினியக் காணல."

அன்று சாயங்காலம் கிழக்கேயிருந்து வந்த பஸ்ஸில் பூரணம் இறங்கினாள். குடையில் கம்பி மட்டும் மிச்சம் இருந்தது. வெறும் பானையைக் கோமதியிடம் கொடுத்தாள். நேராக மாடி ஏறினாள். வேட்டியில் இருந்த ஒரு வத்தலைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"உப்பு கூட" என்றாள்.

"வீடு தெரிஞ்சுதா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"நேத்துதான் தெரிஞ்சுது. அதுக்கு முந்தி இந்த எடத்துல ஒரு குளம் கெடந்துச்சு. யாரு வெட்டுனா?"

"நான்தான்."

"ம்" என்றாள்.

"வத்தல் எங்க?"

"வேட்டியோட ஒட்டிக்கிடுச்சு. பின்னால தண்ணி தெளிச்சாத்தான உரியும். அங்க தண்ணிக்கு எங்க போவேன்? விட்டுட்டு வந்துட்டேன்."

வேட்டி பின்பக்கம் போயிற்று. கலைந்திருக்கும் என்று நினைத்தார்கள். நெய்தவன் நல்லவன். இரண்டு வாரம் கழித்து கிழக்கு ஓரத்தில் முழுசாக வந்து நின்றது. சூரியனின் நடுப்பகுதிக்கு அது வந்தபோது தெருவில் எட்டு முழத்துக்கு நிழல் விழுந்தது. தெருக்காரர்கள் கட்டிலை அதற்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நிழல் நகர நகரக் கட்டிலும் நகர்ந்தது. உச்சி வேளையில் நிழல் ஆவுடையப்பன் வீட்டு மாடியில் ஏறி நின்றது. பூரணத்தின் மோர் மிளகாய் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள் பூரணம்.

ஆவுடையப்பன் மறுநாள் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, வாழை இலையால் வாயைக் கட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார். கோவில்பட்டியில் எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீருக்கு லக்கேஜ் உண்டு என்றார் கண்டக்டர்.

வேட்டி போட்டது போட்டபடி கிடந்தது. கல் நாலும் மூலையில் இருந்தன. திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். வத்தல் உரிந்து வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். நன்றாகக் காய்ந்திருந்தது. வேட்டியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழே பார்த்தார்.

ஊர் முழுக்க வெள்ளை வெள்ளையாக மொட்டை மாடிகள். எது தன்னுடையது என்று முதலில் தெரியவில்லை. நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். ஊருக்கு நடுவில், குளமே இல்லாத தெருவில், ஒரு குளம் பளபளத்தது. டெலஸ்கோப்பைச் சுற்றிக் காய்ந்த இடத்தில் புடவை கட்டிய ஒரு கலங்கல் மறுபடியும் தண்ணீர் ஊற்றியது.

ஆவுடையப்பன் கையை இறக்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி, படம் தெளிவாக விழட்டும் என்று அசையாமல் நின்றார்.