புயலுக்கு ஈடாக எக்கோ

ஆட்டம் தொடங்கும் முன்பே மேடம் உய் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஆட்டம் முடியறதுக்குள்ள எனக்கு பதில் வேணும், ரோடெல். புயல் நமக்கு வேணுமா, வேண்டாமா? நீயே முடிவு பண்ணு. தப்பாப் போச்சுன்னா ஸம்போங்கா ஆலையில லேபிள் ஒட்டற வேலை ஒண்ணு காலியா இருக்கு. உனக்குன்னே வெச்சிருக்கேன்."

மத்தி மீனை டப்பாவில் அடைத்து விற்கும் மேடத்தின் கம்பெனி நடத்தும் கூடைப்பந்து அணி அது. ரோடெல் அதன் மேலாளர். அன்று எதிரே ஆடியது பாறை சிமென்ட் அணி. அவர்களுடைய நட்சத்திரம் பிரிக்ஸ் அல்காண்டராவை மணிலா முழுக்கப் 'புயல்' என்றுதான் சொல்வார்கள். ஜீப்னி வண்டிகளின் பக்கவாட்டில் குழந்தை இயேசுவுக்கு அடுத்தபடி அவன் படம்தான். அவனைத் தருவதற்கு சிமென்ட்காரர்கள் தயார். பதிலுக்குக் கேட்டது எக்கோவை.

எக்கோ மத்தி அணியின் இளம் பாயிண்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவன். தீர்மானம் நன்றாகத்தான் இருந்தது, வாங்குகிறவர்கள்தான் தயாராக இருப்பதில்லை. போன வாரம் அவன் கொடுத்த பந்து சக வீரனின் காதை உரசி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிரியாரின் நூடுல்ஸ் கிண்ணத்தில் போய் விழுந்தது.

"பய சரியான எடத்துக்குத்தான் குடுக்கறான்" என்றார் கோச் டாண்டோங். "நம்மாளுங்கதான் அந்த எடத்துக்கு வந்து சேரல."

ரோடெல் அன்று காலை குளிக்கும்போது எக்கோவைக் கொடுத்துவிட்டார். காப்பி குடிக்கும்போது திரும்ப வாங்கிக்கொண்டார். குபாவோ நெரிசலில் வண்டி நின்ற நேரத்தில் பையன் பல தடவை கைமாறினான். அரங்கத்துக்குள் நுழையும்போது அவன் யாருடைய ஆள் என்று அவருக்கே நிச்சயமில்லை.

முதல் பாதியில் புயல் நின்ற இடத்தை விட்டு அசையாமலே பந்தை எறிந்துகொண்டிருந்தான். எறிந்ததெல்லாம் கூடையில் விழுந்தது. 'பார், இவனுக்கு ஓடக்கூட வேண்டியதில்லை' என்று ரோடெல் வியந்தார். மனம் சிமென்ட் பக்கம் சாய்ந்துவிட்டது.

இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் எக்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தான். ஆட்டத்துக்கு முன்னால் அரங்கத்துக்கு வெளியே, தள்ளுவண்டியில் கம்பியில் குத்திச் சுட்ட கோழிக்குடலை வெளுத்துக்கட்டியிருந்தான். கோச் அவனை வெளியே அழைத்து வேறொருவனை இறக்கினார்.

ஆள் மாற்றுப் பேச்சு காற்றில் இருக்கும்போது, அடிபடாத ஆட்டக்காரனைப் பாதியில் வெளியே எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பேரம் முடிந்தது, சரக்குக்குக் கீறல் விழக்கூடாது. மத்தி அணியின் பெஞ்சு மொத்தமும் எழுந்தது. முதலில் கட்டிக்கொண்டவன் ஆறே முக்கால் அடி உயர போக்னோய்.

"அழுவாதடா தம்பி" என்று, தானே அழுதபடி எக்கோவை இறுக்கினான்.

"அண்ணே, அழுத்தாதீங்க! வயித்த அழுத்தாதீங்கண்ணே!"

போக்னோய் இன்னும் இறுக்கினான். எக்கோ எப்படியோ நழுவிக் கழிப்பறைப் பக்கம் ஓட, அவன் துக்கம் தாளாமல் ஓடுவதாக நினைத்து அரங்கமே 'ஓ' என்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்து சிமென்ட் அணியின் மேலாளர் நோனாய் இதைப் பார்த்தார். தாடையை உயர்த்தி 'அப்போ சரிதானே?' என்று ரோடெலைக் கேட்டார். என்ன நடக்கிறதென்றே புரியாத ரோடெலின் புருவங்கள் இரண்டும் திகைப்பில் மேலே ஏறின. அந்த ஊரில் புருவம் ஏறினால் 'சரி' என்று பொருள். பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். நோனாய் திருப்தியாகத் தலையசைத்துத் தன் கோச்சின் காதில் ஏதோ சொன்னார். உடனே புயல் வெளியே அழைக்கப்பட்டான். அந்தப் பக்கமும் கட்டித்தழுவல் தொடங்கியது.

தழுவலெல்லாம் முடிந்ததும் புயல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி வந்து, ரோடெலின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"வந்துட்டேன் பாஸ். ஒங்க எடத்துல ஐஸ் தொட்டி இருக்கா?"

"எதுக்கு?"

"முட்டிக்குத்தான். கிறிஸ்துமஸ்லேர்ந்து மடங்கவே மாட்டேங்குது. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு நோனாய் சொன்னாரு. இப்பதான் நான் ஒங்காளு ஆயிட்டேனே."

ரோடெல் அந்த முட்டியைக் குனிந்து பார்த்தார். புயல் உற்சாகமாகத் தொடர்ந்தான்.

"ஆனா ஒண்ணு பாஸ், சந்தோஷமாத்தான் வந்தேன். ஒங்க எக்கோ இருக்கானே, அவன் பந்து குடுத்தா நான் ஓடவே வேணாம். எங்க நிக்கப்போறேன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிடும். எங்க பயலுக ஒருத்தனுக்கும் அந்தக் கண்ணு கெடையாது."

"எக்கோவத்தானே உனக்குப் பதிலா கேட்டாங்க."

புயல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவனக் குடுத்துட்டா எனக்கு யாரு பந்து குடுப்பா?"

பின்வரிசையிலிருந்து மேடம் விசிறியால் ரோடெலின் தோளில் தட்டினார். "என்ன, முடிஞ்சுதா? சொல்லு."

ரோடெலின் மூக்கில் ஒரு கணம் ஸம்போங்காவின் மீன் வாடை அடித்தது. எழுந்து நின்றார்.

"இல்ல மேடம். எக்கோ நம்மகிட்டயே இருக்கட்டும். இவருக்கு முட்டி போச்சு."

"யாரு சொன்னது?"

"முட்டியே நேர்ல வந்து ஒக்காந்து சொல்லிச்சு, மேடம்."

மேடம் புயலின் காலைப் பார்த்தார். புயல் அதைத் துண்டால் மூடினான்.

இதற்குள் வெளுத்த முகத்தோடு எக்கோ திரும்பி வந்து மறுபடி களத்தில் இறங்கியிருந்தான்; கோச் போக்னோயையும் கூடவே இறக்கியிருந்தார். வந்த வேகத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு எங்கோ பந்தை விட்டான். அது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த போக்னோயின் நெஞ்சில் மோதியது. கூடைக்கு நேர் கீழே, காவலுக்கு ஒருவரும் இல்லாமல் தான் நிற்பதை போக்னோய் அப்போதுதான் கண்டுகொண்டான். போட்டான். விழுந்தது.

"அடுத்த சீசன் வரைக்கும் பாக்கறேன்" என்றார் மேடம். "லேபிள் எங்கயும் ஓடிப்போயிடாது."

"அப்போ நானு?" என்றான் புயல்.

போய்த்தான் ஆகவேண்டும். மைதானத்தைச் சுற்றி அவன் நொண்டிக்கொண்டே திரும்பினான். அங்கே அழுது விடைகொடுத்தவர்கள் அவனை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். உடை மாற்றும் அறையில் அவனுடைய அலமாரி தனக்குத்தான் என்று ஒருவன் அதற்குள் சொல்லிவைத்திருந்தான்.

நோனாய் பாய்ந்து எழுந்து, 'என்ன இது?' என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார்.

ரோடெல் இந்த முறை புருவங்களை இரண்டு விரல்களால் கெட்டியாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பலமாக இடவலமாக ஆட்டினார்.